டில்லி நைனா கிளம்பினார்

உலகத்திலேயே மிக அதிகமான ஏற்பாடுகளுடன் மிகக் குறைவான தூரம் பிரயாணம் செய்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், இரண்டாவது பரிசுக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கும். முதல் பரிசு ராயபுரத்தில் எங்கள் தெருவில் இருந்த டில்லி நைனாவுக்கு. இதில் மறுபேச்சே கிடையாது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் மனைவி முனியம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை. நைனா துறைமுகத்தில் வின்ச்சு ஓட்டினார். கப்பலின் வயிற்றுக்குள் கிடக்கும் மூட்டைகளைச் சங்கிலியில் மாட்டி மேலே தூக்குகிற யந்திரம் அது. நாலரை அடிக்குக் கொஞ்சம் மேலே உயரம், கயிறு போல உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய மீசை. தூரத்திலிருந்து பார்த்தால் மீசை மட்டும் தனியாக நடந்து வருவது போல இருக்கும். நான் அப்போது கல்யாணம் ஆகாத குமாஸ்தா. கடற்கரையில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. நைனா வீட்டுக்கு எதிர் மாடியில் அறை. ஆகையால் நைனா வீட்டு வாசலில் நடந்த எல்லாவற்றுக்கும் நான் சாட்சி.

யுத்தம் முடிந்த கையோடு பட்டாளத்தார் தங்களுக்கு வேண்டாத சாமான்களை ஏலத்தில் தள்ளினார்கள். மழைக்குக் கூரை மேல் போர்த்தத் தார்ப்பாய் ஒன்று வாங்கிவரும்படி முனியம்மா நைனாவை அனுப்பினார். நைனா மோட்டார் சைக்கிளோடு திரும்பி வந்தார்.

"தார்ப்பாய் எங்கய்யா?"

"மயை பெஞ்சா ஊரை வுட்டே போய்ட்லாம்மே. தார்ப்பாய் இன்னாத்துக்கு?"

அன்றிலிருந்து முனியம்மா அந்த வண்டிக்கு "அக்கா" என்று பெயர் வைத்துவிட்டார். "எனக்கு நடக்காத மருவாதி எல்லாம் அவளுக்கு நடக்குது. அப்ப அவ மூத்தவதானே?" என்பது அவருடைய நியாயம். போகப்போகத் தெருவே அப்படிச் சொல்லத் தொடங்கியது. "இன்னா நைனா, அக்காவுக்கு இன்னிக்கி இருமல் ஜாஸ்தியா கீதே?" என்று பால்காரர் கறக்கிற மாட்டை விட்டுவிட்டு வந்து விசாரிப்பார்.

வண்டி வந்த அன்றைக்கே டில்லி போவதென்று முடிவாகிவிட்டது. ஏன் டில்லி என்று ஒரு நாள் கேட்டேன்.

"தம்பி, இத்தினி வருசமா வின்ச்சு வலிக்கிறேன். நான் தூக்கி வுட்ட மூட்டை ரங்கூன் பார்த்துட்சி, சிங்கப்பூர் பார்த்துட்சி, லண்டன்கூட பார்த்துட்சி. நான் எண்ணூரைத் தாண்டினதில்ல. ஒரு சணல் மூட்டைக்குக் கீற யோகம் எனக்கு இல்லையா?"

ஆனால் கிளம்புவதற்கு முன்னால் வண்டியை நெடுந்தூரத்துக்கு ஏற்ற மாதிரி "கொஞ்சம் ரெடி பண்ணணும்" என்றார். அந்தக் கொஞ்சம் ஆறு வருஷம் பிடித்தது.

முதலில் பெட்ரோல் டாங்கி. டில்லி வரைக்கும் வழியில் பெட்ரோல் கிடைக்குமா, கிடைக்காதா? யாருக்குத் தெரியும்? உடைத்த கப்பலொன்றின் உயிர்காக்கும் படகிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்து வந்து, இருக்கிற டாங்கிக்கு மேல் இன்னொரு டாங்கியாகப் பொருத்தினார். அதை நிரப்பிக்கொண்டு திரும்பினால் உள்ளே அலை அடிக்கும். வண்டி இடது பக்கம் திரும்பிய பிறகும் பெட்ரோல் நேராகவே போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது ஆசனம். பல நாள் உட்கார்ந்து போக வேண்டும், முதுகு என்னத்துக்கு ஆகும்? மூடிவிட்ட சலூன் ஒன்றிலிருந்து, தலை சாய்க்கிற வசதியோடு கூடிய நாற்காலியைக் கொண்டுவந்து முடுக்கினார். அதில் அவர் ஏறி உட்கார்ந்தபோது கை ஹாண்டில் பாருக்கு எட்டவில்லை. ஆகவே அதைப் பின்னால் மாற்றி, கூட வருகிறவருக்கான ஆசனமாக்கினார். முதல் பிரயாணி முனியம்மாதான். திருவொற்றியூர் கோயிலுக்குக் கூட்டிப் போனார். சலூன் நாற்காலி சுழலும் என்பதை நைனா மறந்துவிட்டார். ரயில்வே கேட் தண்டவாளத்தில் வண்டி குதித்ததும் நாற்காலி அரை வட்டம் சுற்றி அப்படியே நின்றுவிட்டது. முனியம்மா ராயபுரத்தைப் பார்த்தபடியே திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தார்.

"எப்டிம்மா இருந்துச்சி சவாரி?" என்று பால்காரர் கேட்டதற்கு, "இன்னாத்த சொல்றது? போற எடம் ஒண்ணும் தெரியல. வந்த எடம் நல்லா தெரிஞ்சிது" என்றார்.

அதன் பிறகு ஊதுகொம்பு. மூடுபனியில் கப்பல்காரர்கள் பெட்டி போல ஒன்றை வைத்துக் கையால் அடித்து ஊதுவார்களே, அது. லாரிக்காரன் காதில் விழ வேண்டாமா என்று கேட்டார். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அதைப் பரீட்சை பார்த்தார். பக்கத்துப் பட்டறையில் வேலை செய்தவர்கள் மத்தியானச் சங்கு ஊதிவிட்டதாக நினைத்துக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். பட்டறை முதலாளி நைனாவைத் தேடி வந்தார். தொழிலாளிகளும் தேடி வந்தார்கள், தினமும் இதே நேரத்துக்கு ஊதச் சொல்லி. பால்காரரின் எருமை மட்டும் மூன்று நாள் பால் கொடுக்கவில்லை.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தோட்டாப் பெட்டிகள். அவற்றில் ஸ்டவ், அரிசி, கருவாடு, மாற்று டயர், முனியம்மாவின் சின்ன அம்மிக்கல். "டில்லியில எல்லாம் கெடைக்கும் தம்பி. மசாலா மட்டும் நாமதான் அரைச்சிக்கணும்." பிரேக் சரியாகப் பிடிக்காத நாளைக்கென்று காத்திவாக்கத்து மீனவ நண்பர் ஒருவர் கொடுத்த படகு நங்கூரம் ஒன்றும் பின்னால் தொங்கியது. இறக்கத்தில் வண்டி நிற்காவிட்டால் நங்கூரத்தை வீசுவதாகத் திட்டம்.

இப்படி ஒவ்வொன்றாக ஏற ஏற, அக்கா பெருத்துக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வெள்ளோட்டம் உண்டு. நாலு பேர் தள்ளினால் புறப்படுவாள். நைனாவும் அக்காவும் எண்ணூர் வரை போய், உப்பங்கழியைப் பார்த்துவிட்டு, திரும்பி வருவார்கள். "இன்னா நைனா, டில்லி எப்போ?" என்று தெரு கேட்கும். "இன்னும் கொஞ்சம் வேலை கீதுப்பா" என்பார் நைனா. கேட்டவர்களும் சிரிப்பார்கள், நைனாவும் சிரிப்பார்.

இந்தச் சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண்ணின் தகப்பனார் கூடூரில் ரயில்வே உத்தியோகம். சென்னைக்கு வடக்கே, காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். என் வீட்டார் மூன்று நாள் முன்னதாகவே போய்விட்டார்கள். எனக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. கப்பல் ஒன்று வந்து நின்றிருந்தது. "மாப்பிள்ளை கடைசி நாள் போனால் போதுமய்யா, சமையல்காரன்தான் முன்னாலே போகணும்" என்றார் எங்கள் மானேஜர்.

அந்த மூன்று நாளும் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் விடிந்ததும் துணிப்பையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். வடக்கே தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போய்விட்டதாம். ரயில் இல்லை. நாளைக்கு உண்டா என்று கேட்டேன். "ஆண்டவன்தான் சொல்லணும்" என்றார் டிக்கெட் கொடுப்பவர். பஸ்ஸும் போகவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். தந்தி அடிக்கலாம். என்னவென்று அடிப்பது? தெருவுக்குத் திரும்பி வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். மேலே ஏறவும் தோன்றவில்லை.

முனியம்மா பார்த்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு நேராகத் தன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார்.

"யோவ், அக்காவைக் கெளப்பு. தம்பிக்கு நாளைக்குக் கண்ணாலம்."

நைனா அப்போது டாங்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி நின்றது. "இன்னிக்கேவா? டாங்கிக்கு இன்னும் பெயிண்ட்டு அடிக்கல மே. முன் சக்கரத்துல ஒரு வேலை பாக்கி கீது. அடுத்த மாசம்னா..."

"அடுத்த மாசம் பொண்ணுக்கு வேற மாப்ள வந்துடுவான்! பெயிண்ட்டா முக்கியம்? ஆறு வருசமா கெளம்பிகினே கீறே. ஒரு தபா போய்த்தான் பாரேன்!"

நைனா என்னைப் பார்த்தார். என் முகமே சொல்லியிருக்க வேண்டும். உள்ளே போய்ப் பட்டாளத்துக் கோட்டையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு வந்தார்.

நைனா வாரநாளில் கோட்டு மாட்டினார் என்ற செய்தி ஐந்து நிமிஷத்தில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. டில்லிக்குத்தான் கிளம்பிவிட்டார் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். மாலை வந்தது. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரம் கொளுத்தினார்கள். மறுநாள் தாலி கட்டப் போகிற என்னை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பால்காரர் மட்டும், "நீயும் டில்லிக்கா? சொல்லவே இல்லியே!" என்று வருத்தப்பட்டார்.

மாதவரம் தாண்டுவதற்குள் எங்களை இரண்டு மாட்டு வண்டிகளும் ஒரு சைக்கிளும் முந்திப் போயின. சைக்கிள்காரர் பாவம், கொஞ்ச தூரம் மெதுவாகப் போய்ப் பார்த்தார். "தள்ளணுமாண்ணே?" என்றும் கேட்டார். மேடு வந்தால் நான் சலூன் நாற்காலியிலிருந்து இறங்கித் தள்ளுவேன். பிறகு ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். செங்குன்றம் தாண்டி மூன்று நாலு மைல் போயிருப்போம். நைனா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"என்ன நைனா, ரிப்பேரா?"

"இல்ல தம்பி." கண்ணாடியைக் கழற்றினார். "இம்மாந்தூரம் நான் வந்ததே இல்ல. எனக்கு பயமா கீது."

நான் சிரிக்கப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. நல்ல வேளை.

"ரொம்ப நாளா எனக்குத் தெரியும் தம்பி. வண்டில ஒரு வேலையும் பாக்கி இல்ல. ஒவ்வொரு தபாவும் கெளம்பலாம்னு நெனைப்பேன். அப்பவே பயம் வந்துடும். ஒடனே ஒரு ஸ்பானரை எடுத்துகினு குந்திப்பேன். ஒனக்குப் புரியுதா?"

"புரியுது நைனா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நாளைக்குக் கல்யாணம் இல்லையா?"

அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். மீசை அசைந்தது. சிரித்துவிட்டார். "அப்ப ரெண்டு பயந்தாங்கொள்ளியும் ஒண்ணா போவலாம், வா" என்று வண்டியைக் கிளப்பினார்.

தடாவுக்கு அப்பால் ஓர் ஆறு குறுக்கிட்டது. மற்ற நாளில் மணல்தான் ஓடுமாம். அன்று தரைப்பாலம் இருந்த இடமே தெரியவில்லை. இரு கரையிலும் ஜனங்கள் நின்றார்கள். பக்கத்து ஏரியிலிருந்து படகு கொண்டுவந்து ஒருவர் ஆட்களை அக்கரைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அவர் அக்காவைச் சுற்றி ஒரு முறை வந்தார். நங்கூரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"வண்டின்னா ஏத்திப்பேன்யா. கப்பலை எப்படி ஏத்தறது? தாழ்ந்துடும்."

"நைனா, நான் மட்டும் அக்கரைக்குப் போயிடறேன். அங்கேர்ந்து நடந்தாவது..." என்று ஆரம்பித்தேன்.

"முப்பது மைலுக்கு மேல கீது. நடந்தா நாளைக்கு மத்தியானம் போய்ப் பந்தல் பிரிக்கறத்த பார்ப்பே" என்றார் நைனா. மழைத்தண்ணீர் மீசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார்.

முதலில் நங்கூரம். அப்புறம் தோட்டாப் பெட்டிகள், அம்மிக்கல்லோடு. ஊதுகொம்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். செம்பு டாங்கியில் நாலு போல்ட்டு. ஒவ்வொன்றையும் கழற்றி, துடைத்து, வரிசையாகக் கல் மேல் வைத்தார். கடைசியில் சலூன் நாற்காலி. நான் உதவிக்குப் போனேன். "நீ மாப்ள, கையில கிரீஸ் ஆவும்" என்று தள்ளிவிட்டார். ஆறு வருஷமாக மாட்டியது ஒரு மணி நேரத்தில் கரையில் குவிந்துவிட்டது. படகுக்காரரின் மனைவி அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து போய் ஓலைப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து அந்தச் சாமான்கள் மேல் போர்த்தினார். "நான் பாத்துக்கறேன், போங்க" என்றார்.

நடுவில் அக்கா மட்டும் நின்றாள். பட்டாளத்துப் பச்சை நிறத்தில், மெலிந்து, சின்னதாக. நைனா அவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இம்மாஞ்சின்னவளா இவ?" என்றார்.

அக்கரையில் இறக்கியதும் ஒரே உதை. கிளம்பிவிட்டாள். தள்ள ஆள் வேண்டியிருக்கவில்லை; நான் பின்னாலிருந்த வெறும் காரியரில் தொற்றிக்கொண்டேன். அவள் ஓடிய ஓட்டத்தில் என் மேல்துண்டு பறந்து போய்விட்டது. நிறுத்தச் சொல்லி நான் கத்தியது நைனா காதில் விழவில்லை. அவர் வேறு ஏதோ கத்திக்கொண்டிருந்தார். பாட்டு என்று பிறகுதான் புரிந்தது. அவள் இப்படி ஓடக்கூடியவள் என்று ஆறு வருஷமாக எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூடூரில் பந்தல் வாசலில் போய் நின்றோம். உச்சி முதல் உள்ளங்கால் வரை எனக்குச் சேறு. நைனாவுக்குக் கோட்டு, கண்ணாடி, மீசை. என் மாமனாரின் தமையனார் அதுவரை என்னைப் பார்த்ததில்லை. நாதஸ்வரக்காரருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, மாலையை நேராகக் கொண்டுவந்து நைனா கழுத்தில் போட்டார். மேளம் கொட்டிவிட்டது. என் அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்ட பிறகுதான் யார் மாப்பிள்ளை என்பது தெளிவாயிற்று. "பரவால்ல, இருக்கட்டும். மாலை எனக்கு ஷோக்கா கீது" என்று நைனா அதைக் கழற்றவே இல்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நைனா மூன்று பந்தியிலும் சாப்பிட்டார். மத்தியானம் என்னிடம் வந்து, தலையைச் சொறிந்தார்.

"தம்பி, ரோடு வடக்கால போய்கினே கீது. கொஞ்சம் போய்ப் பார்த்துட்டு வரட்டா?"

நான்தான் வண்டியைப் பிடித்துக் கொடுத்தேன். புது மாப்பிள்ளை தெருக்கோடி வரை ஓடி வழியனுப்பியதைக் கூடூரில் வெகு நாள் பேசினார்களாம்.

பத்து நாள் கழித்து ராயபுரம் வந்தார். டில்லி போகவில்லை. இப்போது விஜயவாடா என்கிறார்களே, அந்தப் பெஜவாடா வரைக்கும் போயிருக்கிறார். கிருஷ்ணா நதியில் குளித்திருக்கிறார். அங்கே ஒரு நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "அப்பால இன்னாவோ தோணிச்சி. பக்கத்துல குந்திகினு பார்க்க முனியம்மா இல்லியேன்னு. திருப்பிட்டேன்." இதைச் சொல்லும்போது முனியம்மா கேட்காதது மாதிரி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"ஆத்தங்கரை சாமானெல்லாம் எங்கே நைனா?"

"அத்த கேக்கறியா? நாற்காலியில அந்த ஊரு சவரக்காரர் கடை போட்டுட்டார். கொம்பை ஏரியில மூடுபனிக்கு ஊதறாங்க. படகுக்காரம்மா அம்மியில கொயம்பு வெச்சி எனக்கே சோறு போட்டாங்க. எப்டி தம்பி திருப்பிக் கேக்கறது? அங்க எல்லாத்துக்கும் வேலை கீது." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்கு மேல் அவர் வண்டியில் ஒரு திருகாணிகூடக் கூடுதலாக மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முனியம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு வாரம் பழவேற்காடு, ஒரு வாரம் காஞ்சிபுரம். டில்லி என்ற பேரை மட்டும் தெரு விடவில்லை.

மறு வருஷம் என் மனைவி பிரசவத்துக்குக் கூடூர் போயிருந்தாள். தந்தி என் அறைக்கு வந்தது. நான் ஆபீசில் இருந்தேன். முனியம்மா வாங்கி, யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு, நைனாவிடம் கொடுத்திருக்கிறார். நைனா ஆபீஸ் வாசலில் வந்து அதை என் கையில் திணித்துவிட்டுப் போனார். ஆண் குழந்தை. மானேஜரிடம் லீவு வாங்கி, மறுநாள் காலை ரயில் பிடித்தேன்.

கூடூர் ஸ்டேஷனில் இறங்கினால், பிளாட்பாரத்தில் கோட்டும் கண்ணாடியுமாக நைனா நிற்கிறார். பக்கத்தில் முனியம்மா, தலையெல்லாம் புழுதி. நான் லீவுக்கு அலைந்த நேரத்தில் இருவரும் வண்டியில் வந்து இறங்கி, பிள்ளையையும் பார்த்துவிட்டு, என்னை அழைத்துப்போக ஸ்டேஷனுக்கும் வந்துவிட்டார்கள்.

"பயப்படாத தம்பி, புள்ள உன்ன மாதிரி இல்ல. நல்லா கீறான்!" என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

என் மகனை என்னைவிட முன்னால் நைனா பார்த்துவிட்டார் என்பதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.